கண்ணில் போடுகிற ஊசிக்குச் சிறுநீர் எதற்கு?

போன மாதம் ஒரு காலை, முப்பது வருஷத்துக்கு மேல் நான் நர்ஸாக வேலை பார்த்த அதே கண் ஆஸ்பத்திரியில், மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கழிவறை வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக வந்த நர்ஸை நிறுத்தினார்.

"ஏம்மா, கண்ணுல போடற ஊசிக்கு மூத்திரம் எதுக்கு?"

அந்த நர்ஸ் ஷர்மிளா. நான் வேலையில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த பெண். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "அய்யா, அதுக்குப் பதில் சொல்லத்தான் எங்க மலர்க்கொடி அக்காவே வரிசையில நிக்கிறாங்க, கேட்டுக்குங்க" என்று என்னைக் கோத்துவிட்டுப் போய்விட்டாள். டப்பாவும் கையுமாக நின்றுகொண்டு ஒரு மனுஷி என்ன பதில் சொல்வது? இரண்டு வரியில் சொன்னேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்த ஷர்மிளா, "எழுதிக் குடுங்கக்கா, ஹால்ல ஒட்டி வெச்சிடறேன்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். சுவரில் ஒட்டுகிற அளவில் அது நிற்கவில்லை.

நர்ஸுக்குச் சர்க்கரை வராதா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் "ஸ்வீட்டைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கல்யாண வீட்டில் ஜாங்கிரியை இலையில் கேட்டு வாங்கினவள் நான். கண்ணுக்குள் ஊசி போடும் அளவுக்கு இப்போது வந்து நிற்கிறது. சரி, என் கதை கிடக்கட்டும். இது கோவிந்தம்மாவின் கதை.

நான் திருவாரூர்ப் பக்கம். அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நடவு நட்டு, அறுப்பு அறுத்து என்னைப் படிக்க வைத்தார்கள். நர்சிங் முடித்து இரண்டொரு இடத்தில் இருந்துவிட்டு, தஞ்சாவூரில் இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வந்த புதிதில் கண்ணைத் திறந்து கிளிப் போட்டு நிறுத்துவதைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. பழகிவிட்டது. அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சுந்தரேசன். கும்பகோணத்துக்காரர். காபி விஷயத்தில் உலகத்தில் ஒருவரையும் நம்பமாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். கைக்குழந்தையைக்கூட 'வாங்க' என்பார். மனசு நன்றாக இருந்தால் ஏதாவது ஒரு ராகத்தை மூக்கால் முனகுவார். கோபம் வந்தால் முனகல் நின்றுவிடும், அவ்வளவுதான். அந்த அமைதிக்கு நாங்கள் நடுங்குவோம். திட்டுகிற டாக்டர் எவ்வளவோ தேவலை.

கண்ணுக்குள் ஊசி போடுவதில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. சர்க்கரை வியாதி முற்றினால் கண்ணின் பின்திரையில் இருக்கிற மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். கசிந்து கசிந்து திரை நடுவில் வீங்கும், பார்வை மங்கும். அந்தக் கசிவை அடைக்கத்தான் இந்த மருந்து. முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து, பிறகு கிருமி சாக பழுப்புச் சொட்டு, முகத்தில் துணி, இமைக்குக் கிளிப். கருவிழி ஓரத்திலிருந்து வெள்ளை விழியில் இவ்வளவு தூரம் என்று சின்னக் கவராயத்தால் அளந்து புள்ளி வைப்பார். ஊசி கையில் வந்ததும் நோயாளியிடம் அவர் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். "இந்தத் தடவை என்ன நெல்லுங்க போட்டீங்க?" அவர் பதிலை யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சுக்குச்சியை அழுத்திக்கொண்டே பதிலைக் கேட்பார். சும்மா இல்லை, நிஜமாகவே கேட்பார்.

என் வேலை இரண்டு. ஊசி போட வேண்டிய கண்ணுக்கு மேல், புருவத்துக்குக் கொஞ்சம் உயர மையால் குறி வைப்பது ஒன்று. ஊசி போடும்போது அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. கண்ணருகே எது வந்தாலும் அந்தப் பக்கத்துக் கைதான் தானாக எழும்பும். அதனால் வலது கண் என்றால் வலது கை, இடது கண் என்றால் இடது கை. இதை நான் ஒருநாளும் மாற்றியதில்லை.

கோவிந்தம்மா திருவையாற்றைத் தாண்டி ஒரு கிராமம். நடவுக்கும் அறுப்புக்கும் பெண்ணாட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிற கொத்துக்காரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும் அப்போது. வரப்பில் நின்று கத்தினால் நாலு வயல் தாண்டிக் கேட்கிற குரல். அவருக்கு இரண்டு கண்ணிலும் வீக்கம். வலது கண்ணில் நெடுநாள் வீக்கம், இடதில் கொஞ்சம். முதலில் வலது, பிறகு இடது என்று டாக்டர் முடிவு செய்தார்.

வலது கண்ணுக்கு ஊசி போட வந்த அன்று காலை, குறி வைத்து வெளியே உட்கார வைத்திருந்தேன். கூப்பிடும்போது பார்த்தால் குறியைக் காணோம். உள்ளே போகப் பயந்து, முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்து, இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து திருநீற்றை நெற்றி நிறையப் பூசியிருந்தார். மை போன இடம் தெரியவில்லை. நான் அவரிடமும் கேட்டு, கேஸ் சீட்டையும் பார்த்து, திருநீற்றின் மேலேயே மறுபடி குறி வைத்தேன். ஊசி கையில் வந்ததும் டாக்டர், "நடவுக்கு எப்படிம்மா ஆள் சேக்கறீங்க?" என்று கேட்டார். கோவிந்தம்மா ஆரம்பித்தார். தெருத் தெருவாக, பெயர் பெயராக, யார் சோம்பேறி, யார் புருஷன் குடிகாரன் என்று போய்க்கொண்டே இருந்தார்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றார் டாக்டர்.

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கல."

ஆபரேஷன் தியேட்டரே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு மாதம்தான் நிலைத்தது.

மறுபடி காட்ட வந்தபோது கோவிந்தம்மாவோடு மகன் ரவி வந்திருந்தான். குவைத்தில் ஏசி மெக்கானிக், லீவில் வந்தவன். கோவிந்தம்மா ஹாலில் நின்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போட்ட கண் அப்படியேதான் இருக்கிறதாம். ஊசியே போடாத இடது கண் பளிச்சென்று ஆகிவிட்டதாம். எதிர்க்கரையில் போகிற பஸ் எந்த ஊர் பஸ் என்று தெரிகிறதாம். ரவிக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. அவன் நேராக மேலாளர் அறைக்குப் போனான். என்னையும் கூப்பிட்டார்கள்.

"தப்பான கண்ணுல போட்டிருக்கீங்க. நல்ல காலம், நல்லதா முடிஞ்சிருக்கு. இதே ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா எங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

அவன் கத்தவில்லை. கேட்டது நியாயம். குறி அழிந்தது உண்மை, மறுபடி வைத்தது நான். மேலாளர், இது முடிகிற வரைக்கும் நான் தியேட்டர் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் தியேட்டர் இன்சார்ஜ் பொறுப்பு எனக்கு வருவதாகப் பேச்சிருந்தது. அது போனால் போகட்டும். ஆனால் கண் மாற்றி ஊசி போட வைத்தவள் என்ற பெயரோடு நான் எந்த ஆஸ்பத்திரிப் படியை மிதிப்பேன்? கூலி வேலை செய்து படிக்க வைத்த அம்மாவிடம் என்ன சொல்வேன்?

டாக்டர் சுந்தரேசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முனகல் இல்லை. ரவியிடம், "நீங்க சொல்றது முக்கியமான விஷயங்க. அம்மாவுக்குக் கண்ணை விரிய வெச்சு ஸ்கேன் பாத்துட்டு நானே உங்ககிட்ட சொல்றேன். தப்பு நடந்திருந்தா தப்புன்னே சொல்வேன்" என்றார். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் பிளாஸ்க் காபி எனக்குக் கிடைத்தது அன்றுதான் முதல் தடவை. பயம் இன்னும் கூடியது.

"சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். அதை விடுங்க. அன்னிக்கு நடந்ததுல உங்களுக்கா என்ன ஞாபகம் இருக்கு?"

கண்ணை மூடி யோசித்தேன். துணிக்கு அடியில் கோவிந்தம்மாவின் முகம் தெரியவில்லை. பேச்சு கேட்டது. என் கைக்குள் அவர் கை. சொரசொரவென்று, சூடாக. அப்புறம்தான் அது ஞாபகம் வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

"தழும்பு இருந்த கை சார்" என்றேன். "சுண்டு விரல்ல நீளமா அரிவாள் தழும்பு. என் விரல்ல பட்டுச்சு."

டாக்டருக்குப் புரியவில்லை. டவுனில் வளர்ந்தவர். நானே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. வலது கையில் அரிவாள், இடது கையில் கதிர்க் கொத்து. அரிவாள் வழுக்கினால் வெட்டு விழுவது கதிரைப் பிடிக்கிற இடது கையில்தான். என் அம்மா கையைப் பாருங்கள், பெரியம்மா கையைப் பாருங்கள், அறுப்பு அறுத்தவர்கள் எல்லோருக்கும் இடது சுண்டு விரலில்தான் தழும்பு. நான் பிடித்தது தழும்பு இருந்த கை என்றால், நான் நின்றது இடது பக்கம். ஊசி போனது இடது கண்ணில்.

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். டாக்டர் என் காபியை மறுபடி என் பக்கம் தள்ளி வைத்தார்.

கண்ணை விரிய வைக்கும் சொட்டு போடுவதற்கு முன் பார்வை எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது வழக்கம். போர்டுக்கு எதிரில் கோவிந்தம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். அவர் நான் அழுததைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கண் தெளியாதவர்தான், இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டார். "ஏன் நர்சம்மா மூஞ்சி வீங்கியிருக்கு? எம்மவன் எதும் சொன்னானா?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். ரவி தலையைக் குனிந்துகொண்டான். கண்ணை மறைக்கிற கரண்டி போன்ற அட்டையைப் பரிசோதகர் நீட்டினார். கோவிந்தம்மா கையை நீட்டி வாங்கினார்.

இடது கையால் வாங்கினார்.

வாங்கிய வேகத்தைப் பார்த்தால் அது தற்செயல் இல்லை. பழகிய கை அது. வலது கை சும்மா மடியில் கிடந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். சுண்டு விரலில் நீளமாக, வெள்ளையாக, தழும்பு. வலது கை சுண்டு விரலில்!

"அக்கா, அறுக்கும்போது அரிவாளை எந்தக் கையில பிடிப்பீங்க?"

"பீச்சாங்கையிலதான். எங்க ஆத்தா அடிச்சு அடிச்சுப் பாத்துச்சு. சோறு மட்டும் இந்தக் கைக்கு மாறுச்சு, அரிவா மாறல. ஏன் கேக்குற?"

ஏன் கேட்கிறேனா! அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. பரிசோதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சரியான பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். வலது கை, வலது கண். இத்தனை நாளில் இடது கைப் பழக்கம் உள்ள அறுப்புக்காரி ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அரை நாள் உயிர் போய் வந்திருக்காது.

ஸ்கேன் வந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போன மாதம் வலது கண்ணின் திரை நடுவில் குன்று மாதிரி நின்ற வீக்கம் அடியோடு வற்றித் தரையாகியிருந்தது. நெடுநாள் வீக்கத்தில் திரை ஏற்கெனவே பழுதாகியிருந்ததால் பார்வை மட்டும் கூடவில்லை. ஊசி படாத இடது கண்ணிலும் வீக்கம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அங்கே திரை இன்னும் நன்றாக இருந்ததால் பார்வை எழும்பிவிட்டது. டாக்டர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, மூக்கால், முனக ஆரம்பித்தார். அந்த ராகம் எனக்கு என்னவென்று தெரியாது. அவ்வளவு இனிமையான சத்தத்தை என் காது கேட்டதில்லை.

அம்மாவையும் மகனையும் உட்கார வைத்து அவர் சொன்னது இதுதான். இந்த மருந்து முதலில் கண்ணுக்காக வந்ததில்லை. குடல் புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றுகிற மருந்து. அதில் ஒரு துளியைத்தான் கண்ணுக்குள் போடுகிறோம். ஆனால் கண் என்ன அடைத்த டப்பாவா? அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். இந்த மருந்து ரத்தத்தில் சீக்கிரம் கரையாது, வாரக்கணக்கில் சுற்றும். சுற்றும்போது அடுத்த கண்ணையும் தொட்டிருக்கலாம்.

"மேல வயல்ல போட்ட உரம் தண்ணியோட கீழ வயலுக்கும் எறங்குமில்லைங்களா, அந்த மாதிரி. எல்லாருக்கும் இப்படி ஆகாதும்மா. இந்த மாசம் நீங்க சக்கரையைக் கட்டுல வெச்சிருந்தாலும் கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

கோவிந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "உரம் எறங்குனா சரி சார். பூச்சிமருந்து எறங்குனா வாய்க்கால்ல மீனு மெதக்குமே?"

டாக்டர் முனகலை நிறுத்தினார். கோபம் இல்லை. "அதைத்தான் அடுத்து பாக்கப் போறோம்" என்று என்னைப் பார்த்தார். நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். ரொம்ப ஏறியிருந்தது. புடவையை விலக்கிக் கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி மறைய நேரம் எடுத்தது. சிறுநீரில் புரதம் போயிருந்தது. கண்ணில் கசிகிற மாதிரியே சிறுநீரகத்திலும் கசிவு. இதற்கு மருந்துதான் காரணமா, பல வருஷச் சர்க்கரை காரணமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் ரத்தத்தில் சுற்றுகிற மருந்து இது மாதிரி உடம்பில் அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் இன்னும் படுத்தக்கூடும், பார்க்காமல் விடக் கூடாது என்றார். அன்றே சிறுநீரக டாக்டருக்கு அனுப்பினார். ரவிதான் கூட்டிப் போனான். போகும்போது என்னிடம் வந்து நின்றான். "மன்னிச்சிருங்கக்கா" என்றான். "நீ கேக்கலன்னா இதெல்லாம் தெரிஞ்சிருக்காது தம்பி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு அடுத்த ஊசிக்கு டாக்டர் வேறு மருந்துக்கு மாறினார். அது ரத்தத்துக்குப் போனாலும் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். வலது கண்ணில் போட்டோம். வலது கண் நன்றாகவே இருந்தது. இடது கண்ணில் வீக்கம் பழையபடி எட்டிப் பார்த்தது! டாக்டருக்கு அந்த ஸ்கேனைப் பார்த்து வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதல் தடவை இரண்டு கண்ணும் தெளிந்ததற்கு மருந்து ரத்தத்தில் சுற்றியதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். கோவிந்தம்மாவுக்குத்தான் ஏமாற்றம். "ஒரு ஊசியில ரெண்டு கண்ணும் தெரிஞ்சுச்சு, அதையும் கெடுத்துட்டீங்களே" என்று சடைத்துக்கொண்டார். பிறகு இடது கண்ணுக்கும் தனியே போட்டோம். அதுவும் தெளிந்தது.

ஊரில் சேதி பரவியது. அவர் கொத்தில் வேலை செய்கிற பெண்கள் வேன் பிடித்து வந்து, "கோவிந்தம்மாவுக்குப் போட்ட ஊசி" வேண்டும் என்று கேட்டார்கள். ஒருவர் வந்து, கண்ணில் போட்டால் முழங்காலுக்கும் இறங்குமா, முழங்கால் வலி தாங்கவில்லை என்றார். டாக்டர் சிரிக்காமல் அவருக்கும் விளக்கம் சொன்னார்.

அதன் பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன் எல்லோருக்கும் ரத்த அழுத்தம், சிறுநீர் இரண்டும் பார்ப்பது, சமீபத்தில் பக்கவாதம், மாரடைப்பு வந்ததா என்று கேட்பது, பெண்களிடம் நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது எல்லாம் வந்தன. மைக்குறியைக் கன்னத்துக்கு இறக்கினோம், திருநீறு எட்டாத இடத்துக்கு. ஊசி போடும் முன் பிடித்த கையை அழுத்தி, "எந்தப் பக்கம், வாயால சொல்லுங்க" என்று கேட்பதும் வந்தது. அது நான் இன்சார்ஜ் ஆன பிறகு போட்ட சட்டம். ஆமாம், ஆனேன்.

போன மாதத்துக்கு வருகிறேன். கூட ஒருவர் வர வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். திருவையாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தவர் கோவிந்தம்மாதான். இப்போது ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் போடுகிறார், ஆள் சேர்ப்பதைப் போனில் செய்கிறார், நம்பரைத் தானே பார்த்து அழுத்துகிறார். தியேட்டர் வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே விடமாட்டேன் என்றாள் ஷர்மிளா. கோவிந்தம்மா அவளை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"ஏ புள்ள, இவளுக்கு எந்தக் கண்ணுன்னு நல்லா கேட்டுக்கிட்டியா? தப்பாப் போச்சுன்னு நெனச்சு இவ அழுத அழுகை எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்குப் பாதிக் கண்ணுதான், ஆனாலும் பாத்தேன்."

அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் இருந்த அறையில் அன்று என் முகத்தைப் பார்த்தது அவர் ஒருத்தர்தானே.

உள்ளே படுத்தேன். பழுப்புச் சொட்டு எரிந்தது. முகத்தில் துணி விழுந்தது. இத்தனை ஆயிரம் பேர் முகத்தில் நான் பார்த்த துணி, இவ்வளவு இருட்டாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஷர்மிளா என் வலது கையை அழுத்தினாள். "எந்தப் பக்கம், வாயால சொல்லுங்கக்கா." வலது என்றேன். இளம் டாக்டர், சுந்தரேசன் சாரிடம் தொழில் கற்றவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரிட்டயர் ஆனப்புறம் பொழுது எப்படிம்மா போகுது?"

அந்தக் கேள்வி எதற்கு என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். இருந்தும், கேட்டுவிட்டாரே என்று சொல்ல ஆரம்பித்தேன். மாடியில் வைத்த கத்தரிச் செடி, பேத்தியின் பள்ளிக்கூட வேன், இந்தக் கட்டுரை எழுதச் சொல்லி ஷர்மிளா பண்ணுகிற தொந்தரவு.

"முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

"இருங்க டாக்டர்" என்றேன், "நான் இன்னும் முடிக்கல."

கதவுக்கு வெளியே, நாலு வயல் தாண்டிக் கேட்கிற குரலில், கோவிந்தம்மா சிரிப்பது கேட்டது.